பெயரும் பெயர்ப்பும்: கேப்டவுன் அடிமைகள் அருங்காட்சியகமும் வழித்தோன்றல்களுக்கான மொழியாக்கமும்

முன்னுரை

அருங்காட்சியகச் சுவரில் எழுதப்பட்டிருக்கும் நான்கு வரிக் குறிப்பும் ஒரு பனுவலே. அதற்கு ஆசிரியர் உண்டு, நோக்கு உண்டு, அது விளித்துப் பேசும் வாசகர் உண்டு. எனினும் நமது துறைகளில் மொழிபெயர்ப்பாய்வு கவிதையையும் புதினத்தையும் சமய நூலையும் சுற்றியே நடைபெற்று வருகிறது. காட்சிக்குறிப்பைத் திறனாய்வுக்குரிய எழுத்தாக யாரும் கொள்வதில்லை; அது வெறும் செய்தி, செய்தியை எம்மொழியிலும் சொல்லிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். அடிமை வணிகத்தை நினைவுகூரும் அருங்காட்சியகங்களில் இவ்வெண்ணம் செல்லாது. அங்கு வருவோரில் ஒரு சாரார் செய்தி அறிய வருபவர் அல்லர். தம் முன்னோரைத் தேடி வருபவர். அவர்தம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயரை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல்.

இதற்கு நாம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலுள்ள ‘ஸ்லேவ் லாட்ஜ்’ அருங்காட்சியகத்தைத் தேர்ந்துகொண்டோம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி தன் சொந்த அடிமைகளை அடைத்து வைப்பதற்காக 1679இல் கட்டிய கட்டடம் அது. 1652 முதல் 1808 வரை கேப் குடியேற்றத்திற்கு ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர் என்று வரலாற்றறிஞர் இராபர்ட் ஷெல் கணக்கிட்டுள்ளார். ஆப்பிரிக்கப் பெருநிலம், மடகாஸ்கர், இந்தியத் துணைக்கண்டம், இன்று இந்தோனேசியா எனப்படும் தீவுகள் ஆகிய நான்கிலிருந்தும் ஏறக்குறைய கால் பங்கினர் வந்தனர். ஆகவே சோழமண்டலக் கரையும் மலபாரும் வங்கமும் இலங்கையும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்பவை அல்ல. கும்பினி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டிலேயே பிஜப்பூர்ப் படைகளின் அழிவினாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை நிலைகுலைந்தது. 1659 முதல் 1661 வரையிலான அக்காலத்தில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை அடிமைகளாக ஏற்றுமதியாயினர் என்று மார்கஸ் விங்க் எழுதுகிறார். பெரும்பகுதியினர் இலங்கைக்குச் சென்றனர். ஒரு சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் நம் மலாக்காவுக்கும் வந்தனர். மலாயாவுக்குத் தமிழர் வருகை என்றதும் இரப்பர்த் தோட்டத்திலிருந்து கணக்கைத் தொடங்கும் வழக்கம் நமக்கு உண்டு. இந்தச் செய்தி அக்கணக்கைச் சற்றே கலைக்கிறது.

கதவும் பெயரும்

அடிமை வணிக நினைவிடம் என்றால் உலகினர் முதலில் நினைப்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரையை. கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளும் செனகலின் கோரே தீவும் பேர்பெற்றவை. அங்கு வரும் வழித்தோன்றல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து வருகின்றனர். முன்னோர் புறப்பட்ட துறைக்குத் திரும்புகின்றனர். ஆதலின் அந்நினைவிடங்களின் மையப் பொருள் ஒரு கதவு. கோரேயில் அக்கதவுக்குப் பிரெஞ்சில் வழங்கும் பெயரை ‘திரும்பாப் பயணத்தின் வாயில்’ எனலாம். ஆங்கிலத்தில் பயணம் என்ற சொல் உதிர்ந்து, ‘திரும்புதல் இல்லாக் கதவு’ என்று சுருங்கிவிட்டது. பிரெஞ்சில் பயணம் திரும்பாதது. ஆங்கிலத்தில் கதவே திருப்பி அனுப்பாதது. கேப் கோஸ்ட்டில் அதே கதவின் கடல்புறத்தில் ‘திரும்பி வருவதற்கான வாயில்’ என எழுதி வைத்தது இச்சுருக்கத்தினால்தான் கைகூடியது. ஒரு மொழியாக்கத்தில் நேர்ந்த இழப்பு பின்வந்தவர்களுக்கு ஒரு சடங்கைத் தந்தது என்று கூறலாம்.

கேப்டவுனில் நிலைமை தலைகீழ். அது மக்கள் புறப்பட்ட துறை அன்று, வந்து சேர்ந்த இடம். வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் அந்நகரிலும் அதைச் சூழ்ந்த மாநிலத்திலும் வாழ்பவர்கள். அருங்காட்சியகத்துக்கு அவர்கள் வருவது ஒரு பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும். கதவு கொண்டு இங்கு ஆவது ஒன்றுமில்லை. அதனாற்போலும், 2006இல் அங்குத் திறக்கப்பட்ட ‘அடிமைமுறையை நினைவுகூர்தல்’ என்ற காட்சியில் நடுவிடம் பெறுவது ஓர் ஒளித்தூண். அதன் வளையங்களில் அக்கட்டடத்தில் வாழ்ந்தோரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அருகிலுள்ள தேவாலயச் சதுக்கத்தில் 2008இல் நிறுவப்பட்ட பதினொரு கருங்கற் பாளங்களும் பெயர்களையும் சொற்களையுமே தாங்கி நிற்கின்றன. கேப்டவுன் தன் நினைவைப் பெயர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. இது நல்ல முடிவு என்றே கருதுகிறோம். ஆனால் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, எழுத்துப்பெயர்த்தாற் போதும் என்ற நம்பிக்கையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நமது மறுப்பு அந்நம்பிக்கையின் மேல்தான்.

‘லாட்ஜ்’ என்னும் சொல்

பெயர்களுக்குச் செல்லுமுன் கட்டடத்தின் பெயரையே பார்த்துவிடலாம். ‘லாட்ஜ்’ என்ற சொல் தமிழர் காதில் வாடகை அறையாக ஒலிக்கும்; பயணி ஓரிரவு தங்கிச் செல்லும் இடம். ஒல்லாந்தர் ‘லோஜெ’ என்றது வேறு. கடல்கடந்த வணிகத் தலங்களில் கும்பினி அமைத்த பணிமனைக்கும் பண்டசாலைக்கும் அவர்கள் அச்சொல்லையே வழங்கினர். அடிமைகளுக்கெனக் கட்டியதற்கும் அதே சொல்லை நீட்டியபோது, சரக்குக் கிடங்குக்கும் மனிதர் உறைவிடத்துக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய எல்லை சொல்லளவில் இல்லாது போயிற்று. ஆங்கிலத்தில் அச்சொல் தங்குமிடமாகிச் சற்று இன்முகம் காட்டுகிறது.

தமிழில் ‘அடிமை இல்லம்’ என்பது கூடவே கூடாது. இல்லம் என்னும் சொல்லுக்கு நாம் தந்துள்ள மதிப்பு அத்தகையது. ‘விடுதி’யும் அவ்வாறே. மலேசியத் தமிழர்க்கு ‘லயம்’ என்ற சொல் உடனே நெஞ்சில் வரும். ஆனால் தோட்டத்து லயத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன, அடுப்பெரிந்தது, கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. கேப்டவுன் கட்டடம் புறத்தே சாளரம் அற்றதாய், ஒளிக்கும் காற்றுக்கும் கம்பியிட்ட சிறு பிளவுகளை மட்டுமே கொண்டதாய் இருந்தது. இரவில் வெளியிலிருந்து பூட்டப்பட்டது. பூட்டுமுன் ஒரு மணி நேரம் படைவீரர்க்கும் மாலுமிகளுக்கும் அங்குள்ள பெண்களிடம் செல்ல வழி விடப்பட்டது. 1811 வரை பல்லாயிரவர் அதனுள் வாழ்ந்தனர். ‘கொட்டடி’ என்பதே பொருந்தும் எனத் துணிகிறோம். இனி இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம்.

கட்டடமும் பல பெயர்ப்புகளுக்கு ஆளானதுதான். அடிமைகள் வெளியேற்றப்பட்டபின் அரசு அலுவலகமாயிற்று, உயர்நீதிமன்றமாயிற்று, 1966 முதல் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. அந்தப் பண்பாட்டு வரலாற்றில் பீங்கானும் மரச்சாமான்களும் எகிப்தியத் தொல்பொருள்களும் இடம்பெற்றன. அடிமைகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம். 1998இல்தான் பழம்பெயர் மீட்கப்பட்டது. இன்று ‘இசிகோ’ என்னும் அருங்காட்சியகக் குழுமத்தின் கீழ் அது இயங்குகிறது.

‘வான்’ என்னும் ஒட்டு

கும்பினியின் பதிவேடுகளில் அடிமையின் பெயர் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி உடையவர் இட்ட பெயர்: அந்தோணி, கத்ரெய்ன், திட்டஸ், குப்பிதோ. திருமறைப் பெயர்களும் உரோமப் பேரரசர் பெயர்களும் காதல் தெய்வத்தின் பெயரும் கலந்து கிடக்கின்றன. வீட்டு நாய்க்குப் பெயரிடும் உல்லாசம் சிலவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. இரண்டாம் பகுதி இடப்பெயர்: வான் பெங்காலென், வான் மலபார், வான் மக்காசர், வான் நாகபத்னம். ‘வான் டெ குஸ்ட்’ என்றால் ‘கரையின்’ என்று பொருள். எந்தக் கரை என்று சொல்ல வேண்டிய தேவை கும்பினிக்கு இருக்கவில்லை. சோழமண்டலக் கரையே அவர்களுக்குக் கரை.

‘வான்’ என்பதைத் தமிழ் எளிதாக ஏற்றுக்கொள்ளும். ‘நாகப்பட்டினத்து அந்தோணி’ என்று எழுதிவிடலாம். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த ‘அத்து’ச் சாரியையில் ஒரு பெரிய பொய் ஒளிந்திருக்கிறது. தமிழில் ஊர்ப்பெயரை முன்னிட்டு ஆளைச் சொல்வது தொன்றுதொட்டுப் பெருமை சேர்க்கும் மரபு. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் என்கிறோம். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று தெருவரை சொல்லி மகிழ்கிறோம். நேற்றுவரை நம் தலையெழுத்துகளில் பாதி ஊரெழுத்தாக இருந்தது. ஊர் ஆளுக்குச் சான்று. ஆள் ஊருக்கு அணி. ‘நாகப்பட்டினத்து அந்தோணி’ என்று படிக்கும் தமிழ் வாசகர், கடற்கரையில் தனக்கென ஒரு தெருவும் உறவும் உடைய ஒருவரைக் காண்பார். பதிவேட்டை எழுதிய கணக்கர் கண்டது அவரை அன்று. அவருக்குத் தெரிந்தது அந்த ஆள் எந்தத் துறையில் கப்பலேற்றப்பட்டார், அல்லது எந்தச் சந்தையில் கைமாறினார் என்பது மட்டுமே. பஞ்சத்தில் குடந்தைப் புறத்திலிருந்தோ மன்னார்குடிப் பக்கமிருந்தோ நடந்து வந்து துறைமுகத்தில் விற்கப்பட்டவரும் ‘வான் நாகபத்னம்’தான். ஒரே ஆள் வெவ்வேறு ஆவணங்களில் வெவ்வேறு இடப்பெயருடன் காணப்படுவதும் உண்டு.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. கேப்பிலேயே பிறந்த அடிமைக்கு ‘வான் டெ காப்’ என்ற ஒட்டு வழங்கியது. இங்கு ‘வான்’ உண்மையாகவே பிறந்த இடத்தைச் சுட்டுகிறது. ஆக, ஒரே ஒட்டு ஒரு பெயரில் பிறப்பையும் மற்றொரு பெயரில் விற்பனையையும் குறிக்கிறது. ஒளித்தூணில் இரண்டும் ஒரே வடிவில் அடுத்தடுத்து நிற்கும்போது வழித்தோன்றல் இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவார்? ‘வான் மலபார்’ என்பதைத் தம் முன்னோரின் தாயகமாகக் கொண்டு கேரளத்துக்குப் பயணம் செய்பவரும் இருக்கக்கூடும். பயணத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆயினும் அருங்காட்சியகம் ஒரு துறைமுகத்தின் பெயரைத் தாயகத்தின் பெயராக அவர் கையில் கொடுத்து அனுப்பலாகாது. தமிழில் இதற்கு வழி இருக்கிறது. வேற்றுமை உருபை மாற்றி, ‘நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தோணி’ எனலாம். அழகு குறையும், அழகு குறைவதே இங்குத் தேவை.

இடப்பெயர்களை இன்றைய நாட்டுப் பெயர்களாக மாற்றும் பழக்கமும் இதே குறையுடையது. பெங்காலென் என்பதை ‘இந்தியா’ என்று சுருக்கினால் இன்றைய வங்கதேசம் காணாமற் போகும். மக்காசர், பாலி, தெர்னாத்தே எல்லாவற்றையும் ‘இந்தோனேசியா’ என்றால், அந்நாடு தோன்ற இருநூறு முந்நூறு ஆண்டுகள் இருக்கும்போதே அதன் குடிமக்களைப் படைத்தவர்கள் ஆவோம். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ‘கேப் மலாய்’ என்பது. மலாய்த் தீபகற்பத்தோடு நேரடித் தொடர்புடையோர் அதனுள் மிகச் சிலரே. தீவுகளிலிருந்து வந்தோரும் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தோரும் இசுலாத்தின் வழியாகவும், ஒரு காலத்தில் அவர்களிடையே பொதுமொழியாக வழங்கிய மலாயின் வழியாகவும் அப்பெயருக்குள் அடங்கினர். அது மதத்தின் பெயர், தெருவின் பெயர், சமையலின் பெயர். பிறந்த மண்ணின் பெயர் அன்று.

மாதப் பெயர்கள் தனிக்கதை. செப்டம்பர், பிப்ரவரி, ஏப்ரல், அக்டோபர் ஆகியவை மேற்குக் கேப்பில் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அடிமை வாங்கப்பட்ட அல்லது வந்திறங்கிய மாதமே பெயராயிற்று என்று பலரும் விளக்குவர். 2010களில் இக்கொட்டடியில் இடம்பெற்ற ஒரு காட்சிக்கு ‘என் பெயர் பிப்ரவரி’ என்று ஆஃப்ரிகான்சில் தலைப்பிட்டனர். அத்தலைப்பின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. அதைத் தமிழாக்க விரும்புவோர் தயவுசெய்து பிப்ரவரியை மாசியாக்காதிருக்க. சித்திரைவேல் என்று மகிழ்ந்து பெயரிடும் இனம் நம்முடையது. நம் மாதங்கள் தெய்வத்தோடும் விழாவோடும் பிணைந்தவை. அந்த பிப்ரவரியோ கணக்குப் புத்தகத்தின் பக்கத் தலைப்பு.

‘அடிமையானவர்’

அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியர்களும் அருங்காட்சியகத்தாரும் ‘அடிமை’ என்ற பெயர்ச்சொல்லைத் தவிர்த்து ‘அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்’ என்ற தொடரைக் கையாளுகின்றனர். அடிமைத்தனம் ஒருவரது இயல்பன்று, அவர்மேல் பிறர் செய்த செயல் என்று உணர்த்துவதே நோக்கம். நோக்கம் நன்று. மொழிபெயர்க்கும்போதுதான் இடர்.

ஆஃப்ரிகான்சிலும் அதன் தாயாகிய ஒல்லாந்த மொழியிலும் ‘அடிமைப்பட்டவர்’ என்பதற்கு நேரான சொல் ‘ஃபெர்ஸ்லாஃப்டெ’. அன்றாட வழக்கில் அதன் பொருள் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் என்பது. ஆங்கிலக் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தம் பாட்டனாரைத் தேடிவந்த ஒருவர் சுவரில் போதை அடிமையைப் படிப்பார். ஒல்லாந்தர் இதனாலேயே ‘அடிமையாக ஆக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் நீண்ட தொடரைப் புதிதாக வழக்கிற்குக் கொணர்ந்தனர். தமிழரும் இதில் நகைக்க இயலாது. குடிக்கு அடிமையானவர், போதைக்கு அடிமைப்பட்டவர் என்றுதானே நாள்தோறும் எழுதுகிறோம்?

தமிழுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. அடிமை என்ற சொல்லைப் பத்தி இயக்கம் புனிதமாக்கியது. அடியார், அடியேன், ஆட்கொள்ளல் என்னும் சொற்கள் யாவும் உடைமையுறவின் மொழியிலிருந்து எழுந்து இறைவனிடம் சென்று சேர்ந்தவை. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையே ஓர் அடிமை ஓலையின்மேல் நடந்த வழக்கு. அக்கதையை நாம் உருகிப் படிக்கும் அளவுக்கு, ஆளோலை என்னும் பத்திரம் மண்ணில் மெய்யாகவே எழுதப்பட்டது என்பதை நினைப்பதில்லை. ஆகவே தமிழ்க் காட்சிக்குறிப்பில் வெறும் ‘அடிமை’ என்று நிறுத்துவதில் ஒரு மென்மை புகுந்துவிடும். ‘அடிமையாக்கப்பட்டோர்’ என்பதே ஏற்றது. அது நீளம்தான், குறிப்பில் பாதி வரியைத் தின்னும். செயப்பாட்டு வினை செய்தவரை மறைக்கிறது என்ற குறையும் உண்டு. அதைத் தீர்க்க ஒரு முறையாவது எழுவாயைச் சொல்லிவிட வேண்டும்: கும்பினி வாங்கியது, கும்பினி அடைத்தது, கும்பினி கணக்கெழுதியது.

கணக்கெழுதிய சொற்கள் தனியே கவனத்துக்குரியவை. அடிமைக்கு ஒல்லாந்த ஆவணங்களில் வழங்கும் ‘லெய்ஃப்எய்கென்’ என்ற சொல்லில் ‘லெய்ஃப்’ உடல், ‘எய்கென்’ உடைமை. கொட்டடியில் பிறந்த குழந்தைகளை ‘ஹேல்ஸ்லாக்’, ‘ஹால்ஃப்ஸ்லாக்’ என்று பிரித்து எழுதினர். முழு இனம், அரை இனம். மேலே சொன்ன அந்த ஒரு மணி நேரத்தின் விளைவே இரண்டாம் வகை. மேற்பார்வை செய்த அடிமைக்குப் பெயர் ‘மண்டோர்’. தோட்டத்தில் பிறந்த நம்மவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. போர்த்துக்கீசியத்தில் கிளைத்து மலாய் வழியாக இந்துமாக்கடல் முழுதும் உலாவிய அச்சொல், கேப்டவுன் கொட்டடியிலும் சிலாங்கூர்த் தோட்டத்திலும் ஒரே வேலையைச் செய்தது. ‘மேற்பார்வையாளர்’ என்று அதைத் தூய்மைப்படுத்திவிட்டால் இந்த வழித்தடம் அழிந்துபோகும். இத்தகைய சொற்களை மூலத்திலேயே விட்டு, ஒலிப்பையும் பொருளையும் பக்கத்தில் தருவதே முறை.

கொட்டடி அருங்காட்சியகத்தின் நோக்கத்தைச் சொல்லும் ஆங்கில முழக்கம், தவறு, உரிமை என்னும் இரு பொருள் தரும் எதிர்ச்சொற்களின் விளையாட்டின்மேல் நிற்கிறது: மனிதத் தவறுகளிலிருந்து மனித உரிமைகளை நோக்கி. தமிழில் அவ்விளையாட்டு இல்லை. அதற்கு மாறாக வேறொன்று இருக்கிறது. உரிமை என்பது தமிழில் உடைமையையும் குறிக்கும். அடிமையை வாங்கியவன் உரிமையாளன். அரண்மனைப் பெண்டிர் உரிமை மகளிர். மனித உரிமை என்று நாம் எழுதும் தொடரில் மனிதனுக்குரிய உரிமையும் மனிதன்மேல் கொண்ட உரிமையும் ஒரே எழுத்துகளில் நிற்கின்றன. முழக்கத்தைப் பெயர்ப்பதைவிட இந்த இரட்டையை இரண்டு வரியில் விளக்கிவிடுவது தமிழ்ப் பார்வையாளருக்குப் பயன்தரும்.

யாருடைய மொழி

இனி, எம்மொழியில் பெயர்ப்பது என்ற கேள்வி. நம்மவர்களிடம் கேட்டால் தமிழில் என்பார்கள். அப்பற்றைப் போற்றுகிறோம். ஆயின் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவரின் வழியினர் தமிழ் அறியார். ஏழெட்டுத் தலைமுறைகளாக அறியார். தென்னாப்பிரிக்காவில் தமிழரென அறியப்படுவோர் 1860இல் ‘துரூரோ’ கப்பல் தொடங்கி நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவரின் வழியினர். அவர்களும் கொட்டடிக்கு வருவார்கள், வர வேண்டும். ஆனால் அவர்களது வரலாறு வேறு. இரண்டையும் ‘தென்னாப்பிரிக்கத் தமிழர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டும் கட்டுரைகளை நாம் அடிக்கடி காண்கிறோம்.

அடிமை வழித்தோன்றல்களில் பெரும்பாலோரின் வீட்டுமொழி ஆஃப்ரிகான்ஸ். மேற்குக் கேப் மாநிலத்தின் ஆட்சிமொழிகள் மூன்றனுள் அது ஒன்று. மற்றவை ஆங்கிலமும் கோசாவும். 1976இல் சொவேட்டோ மாணவர்கள் எதிர்த்து எழுந்தது ஆஃப்ரிகான்ஸ் திணிப்பை. உலகின் நினைவில் அது ஒடுக்கியவனின் மொழி. அடிமைமுறை பற்றிய அருங்காட்சியகத்தில் ஆங்கிலம் நடுநிலையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆனால் அம்மொழி உருவானதில் அடிமைகளின் அடுக்களைக்கும் பங்குண்டு. நிறைய என்பதற்கு அதிலுள்ள ‘பாயெ’ மலாயின் ‘பாஞாக்’, வாழைப்பழம் ‘பிசாங்’, படுக்கும் கட்டில் ‘காத்தெல்’, நம் கட்டிலே மலாய் வழியாகவோ போர்த்துக்கீசிய வழியாகவோ சென்றது. கேப் முசுலிம்களின் பேச்சில் நன்றிக்கு ‘திரமக்காசி’ என்ற சொல் வழங்கியது. கோலாலம்பூரில் படிப்பவர்க்கு இதன் பொருள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1862இல் உதுமானியப் பேரரசு கேப்புக்கு அனுப்பிய அபூபக்கர் எஃபெண்டி எழுதி 1877இல் இசுதான்புல்லில் அச்சான ‘பயானுத்தீன்’ என்னும் சமயநூல் ஆஃப்ரிகான்சில் அமைந்தது. எழுத்தோ அரபு எழுத்து. ஜாவியும் அர்வித் தமிழும் அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. அம்மொழிக்கு அரசேற்பு கிடைத்தது 1925இல்தான். வெள்ளையர் அதைத் தமதென்று சாசனம் செய்துகொள்வதற்கு நெடுநாள் முன்பே அடிமை வழியினர் பள்ளிக்கூடத் தரையில் அமர்ந்து அதை எழுதிப் பழகிவிட்டனர். ஆதலால் வழித்தோன்றலுக்கான மொழியாக்கம் முதலில் ஆஃப்ரிகான்சில் நிகழ வேண்டும். அதுவும் பள்ளிப் பாடநூல் நடையில் அன்று, கேப்பின் தெருவில் வழங்கும் நடைக்கு நெருக்கமாக. ஆங்கிலத்தை மூலமாகக் கொண்டு பிற மொழிகளுக்குப் பகிர்வதை விடுத்து, பதிவேட்டின் ஒல்லாந்தத்திலிருந்து நேரே பெயர்த்தால், பேரனும் பேத்தியும் தம் வீட்டுச் சொற்களின் முந்தைய வடிவத்தையே அதில் கண்டுகொள்வர்.

தமிழுக்கு அங்கே இடமில்லையா என்றால், சிறிய, ஆனால் மாற்ற முடியாத ஓரிடம் உண்டு. அது ஊர்ப்பெயரின் இடம்.

ஒரு மாதிரிக் குறிப்பு

‘க்ரோட்டெ கத்ரெய்ன் வான் பலியகட்டா’ என்றொரு பெண். பத்தாவியாவில் அடிமையாயிருந்தவர். தன்னோடு உறவுகொண்டிருந்த ஆடவரின் சாவுக்குக் காரணமானார் என மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் கேப்புக்கு வந்தவர். கொட்டடி கட்டப்படுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பு. அங்கு அவர் துணி வெளுத்தார். கும்பினிப் படைவீரன் ஒருவன் வழி அவருக்குப் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் ஒரு பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்து அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். ஸ்னைமன் என்ற குடும்பப் பெயர் தாங்கிய ஆஃப்ரிகானர் பலர் அவன் வழியினர். எனவே கொட்டடிக்கு வரும் வழித்தோன்றலின் தோல்நிறம் இன்னதென்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. வெள்ளையர் என்றே வளர்ந்து, அவ்வாறே சட்டத்தாற் பகுக்கப்பட்டவருக்கும் இச்சுவரில் ஒரு பாட்டி இருக்கக்கூடும். 1984இல் வெளிவந்த ஹீசெயின் ‘எல்லைகளில்லாக் குழு’ என்னும் நூல் இத்தகைய கலப்புமணங்களைத் திருச்சபைப் பதிவுகளிலிருந்தே எடுத்துக்காட்டியது. இன ஒதுக்கல் நிலவிய நாளில் அது இலேசான காரியமன்று.

அவருக்குரிய குறிப்பைத் தமிழில் இங்ஙனம் எழுதிப் பார்த்தோம்:

பதிவேட்டில் எழுதியுள்ளபடி: க்ரோட்டெ கத்ரெய்ன் வான் பலியகட்டா.
பலியகட்டா: பழவேற்காடு. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். அடிமைகள் விற்கப்பட்ட துறை.
பத்தாவியாவில் அடிமையாக்கப்பட்டிருந்தார். 1657இல் தண்டனைக் கைதியாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்.
பெற்றோர் இட்ட பெயர்:
பிறந்த ஊர்:

‘க்ரோட்டெ’ என்பதைப் பெயர்க்கவில்லை. ‘பெரிய கத்ரெய்ன்’ என்றால் தமிழில் மூத்தவள் என்ற உறவு வாடை வந்துவிடும். ஒல்லாந்தர் உடற்கட்டைத்தான் சொல்லியிருப்பார்கள். வினைமுற்றில் ‘ஆர்’ விகுதி நாம் இட்டது. ஆங்கிலமும் ஆஃப்ரிகான்சும் இம்முடிவை எடுக்க வேண்டியதில்லை. தமிழ் ‘கொண்டுவரப்பட்டாள்’ அல்லது ‘கொண்டுவரப்பட்டார்’ என ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதிவேட்டுக்கு உண்மையாக இருப்பதானால் ‘ஆள்’ என்று எழுதியிருக்க வேண்டும் என வாதிடுவோர் உளர். அதை ஏற்க மறுக்கிறோம்: மேற்கோளாக எடுத்தாளும் பதிவேட்டு வரியில் கும்பினியின் குரல் ஒலிக்கட்டும், குறிப்பை எழுதுவது கும்பினி அன்று.

கடைசி இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டால் குறிப்பு சீராக இருக்கும் என்று இதனைப் படித்துப் பார்த்த மாணவர் ஒருவர் கூறினார். அச்சிடுவோரும் அதையே சொல்வர். அவை மூன்று மொழியிலும், மற்ற வரிகளின் அதே எழுத்தளவில், எதிரே எதுவும் எழுதப்படாமல் நிற்க வேண்டும் என்பது நமது பரிந்துரை.